மைக்கில் படித்த தவணை

வாங்க சார், வாங்க. செருப்பு அங்கனயே கெடக்கட்டும். அந்தக் கண்ணுக்குட்டி முட்டாது, சும்மா மோந்து பாக்கும். உக்காருங்க. கம்பெனியில இருந்து வர்றேன்னீங்க. சரி. மொதல்ல கார்டைக் காட்டுங்க.

கோவிச்சுக்கக் கூடாது. கார்டுல இருக்குற போட்டோவையும் உங்க மூஞ்சியையும் ஒரு தடவை பாத்துக்கிறேன். தேவசகாயம். போட்டோவுல மீசை இல்ல, இப்ப வெச்சிருக்கீங்க. பரவாயில்ல, காது ரெண்டும் அதே காதுதான். இந்தக் கார்டுல இருக்குற போன் நம்பருக்கு நான் பேச மாட்டேன். என் கடன் பத்திரத்துல கம்பெனியே அச்சடிச்ச நம்பர் ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் பேசுவோம். பூமயிலு, அந்த நம்பருக்குப் போடு. தேவசகாயம்னு ஒருத்தரை நம்ம வீட்டுக்கு அனுப்பியிருக்காங்களான்னு கேளு.

பூமயிலு என் வீட்டுக்காரி. அவ கேட்டுட்டு வர்ற வரைக்கும் நீங்க என்னத்துக்கு வந்தீங்கன்னு வாயைத் தொறக்கக் கூடாது, தொறந்தாலும் நான் காதுல வாங்கக் கூடாது. அது எனக்கு இந்த வீட்டுல போட்டிருக்குற உத்தரவு. மோர் குடிங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். என் கடன் முடிஞ்சு இருபது நாளாச்சு. கடன் இல்லைன்னு உங்க கம்பெனி குடுத்த லெட்டரு, அந்தா முருகன் படத்துக்குப் பக்கத்துல சட்டம் போட்டு மாட்டியிருக்கு. பூவும் வெக்கிறோம்.

என்னடா இந்தாளு இவ்வளவு வெவரமா இருக்கானேன்னு நெனைக்கிறீங்க. வெவரம் இல்ல சார், சூடு. பட்ட சூடு. நீங்க எந்த ஊரு? தூத்துக்குடியா? அப்ப உங்களுக்கு ஆதியில இருந்து சொன்னாத்தான் வெளங்கும்.

என் பேரு அடைக்கலம். இந்த ஆலங்குடி சுத்துவட்டாரத்துல மொய் அடைக்கலம்னு கேட்டாச் சொல்லுவாங்க. ஊரு ஊராப் போயி மொய் எழுதுறதுதான் எனக்குத் தொழில். உங்க பக்கமும் கல்யாணத்துல மொய் வெப்பாங்க, ஐநூறோ ஆயிரமோ, அத்தோட மறந்துருவாங்க. இங்க அப்படிக் கெடையாது. இங்க மொய்னா அது குடுக்கல் வாங்கல். ஆடி மாசம் வந்துட்டா பந்தலைப் போட்டு, கறிச்சோறு ஆக்கி, மொய் விருந்துன்னே ஒண்ணு நடத்துவாங்க. நீங்க எனக்குப் பத்தாயிரம் செஞ்சீங்கன்னா, உங்க வீட்டு விசேஷத்துல நான் அந்தப் பத்தாயிரத்தைத் திருப்பிச் செய்யணும். அதுக்கு மேல ஒரு அஞ்சாயிரம் சேத்துச் செஞ்சா அது புது நடை. அந்த அஞ்சாயிரத்துக்கு நீங்க எனக்குக் கடன்காரரு. இப்படியே போய்க்கிட்டே இருக்கும், முடிவே கெடையாது. அந்தக் காசுலதான் எத்தனையோ பேரு போர் போட்டிருக்கான், பொண்ணைக் கட்டிக் குடுத்திருக்கான். எவனும் இல்லைன்னு சொன்னது கெடையாது. பத்திரம் கெடையாது, ஸ்டாம்பு கெடையாது. நான் எழுதுற நோட்டுதான் எல்லாம்.

என் கையெழுத்து அப்படி இருக்கும் சார். முத்து முத்தா. இருபத்தி ரெண்டு வருசமா எழுதுறேன், ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. ஆனா போன வருசத்துக்கு முந்தின வருசம் பேராவூரணியில இருந்து ஒருத்தன் கம்ப்யூட்டரோட வந்து எறங்கினான். பேரைத் தட்டுனா ரசீது வருது, நோட்டை வெச்சா மெசினு எண்ணுது, கள்ள நோட்டுன்னா கத்துது. சனங்க என்னைய விட்டுட்டு அங்க போயிருச்சு. என் முத்து முத்தான எழுத்தை வெச்சு நாக்கு வழிக்கவா? நானும் வாங்கினேன். கம்ப்யூட்டரு, ரசீது மெசினு, நோட்டு எண்ணுற மெசினு, மைக்கு. எல்லாம் உங்க கம்பெனிக் கடன். ஒண்ணரை லட்சம். மாசம் ஏழாயிரத்து நானூறு, ரெண்டு வருசம்.

ஆடி, ஆவணி நல்லா ஓடுச்சு. பொரட்டாசி வந்துச்சா, விசேஷம் நின்னு போச்சு. கடன் வாங்கும்போது எல்லா மாசமும் ஆடியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் போல. பொரட்டாசி, ஐப்பசி, மார்கழி, மூணு தவணை நின்னு போச்சு. இருபத்திரண்டாயிரத்து இருநூறு. மாசி மாசம் ஒரு மத்தியானம், இதோ நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே நாற்காலியில ஒருத்தன் வந்து உக்காந்தான்.

நீலமேகம்.

நான் என்ன எதிர்பாத்தேன்னா, நாலு பேரு வருவாங்க, சத்தம் போடுவாங்க, அக்கம்பக்கம் வேடிக்கை பாக்கும்னு. இவன் ஒத்தையா வந்தான். தலை கலையாம, சட்டை கசங்காம. உக்காந்த பத்தாவது நிமிசம் அவன் அம்மாவோட பொறந்த ஊரும் என் பெரியம்மா கட்டிக்கிட்டுப் போன ஊரும் ஒண்ணுன்னு கண்டுபிடிச்சான். பதினொண்ணாவது நிமிசம் நான் அவனுக்கு மாமா. மாமான்னு கூப்பிட்டுட்டான்ல, அப்புறம் எப்படி சார் கார்டு கேக்குறது? ரசீது கேக்குறதுக்கே எனக்கு வாய் வரலை. பூமயிலுதான் உள்ள இருந்து, ரசீது உண்டுல்ல தம்பின்னு கேட்டா. அவன் இடுப்புல மாட்டியிருந்த சின்ன மெசினைத் தட்டிப் பாத்துட்டு, பேப்பர் ரோல் தீந்து போச்சுக்கா, அடுத்த தடவை சேத்துத் தந்துடறேன்னான்.

இதுல என் கூறுகெட்டத்தனத்தைப் பாருங்க. பேப்பர் ரோல் தீந்து போச்சுன்னு ஒருத்தன் சொல்றான். என் முதுகுக்குப் பின்னாடி பீரோவுல பதினாறு ரோல் கெடக்கு. இந்த ஜில்லாவுக்கே ரசீது குடுக்குறவன் நான். எடுத்துக் குடுக்கணும்னு எனக்குத் தோணலையே.

அன்னைக்கு என்கிட்ட காசும் இல்ல. பங்குனியில தர்றேன்னேன். நல்லதாப் போச்சு மாமா, பங்குனி ஏழாந் தேதி என் மகளுக்குக் காதுகுத்து, நீங்கதான் மொய் எழுத வரணும்னு பத்திரிக்கையை நீட்டினான். கடன் வசூல் பண்ண வந்தவன் எனக்கு வேலை குடுத்துட்டுப் போறான். நான் அவன் போன தெசையைப் பாத்துக் கும்பிடாத கொறை.

இப்பத்தான் சார் முக்கியமான கட்டம். இதை நான் யாருகிட்ட சொன்னாலும், அந்தப் பய உங்களை ஏமாத்திட்டான்னுதான் சொல்றாங்க. அதான் இல்ல. அந்த யோசனை அவன் சொன்னதே இல்ல. நான் சொன்னேன். இந்த வாயால நான் சொன்னேன்.

காதுகுத்துக்கு மொத நாள் ராவெல்லாம் ரோசனை. காசு பொரட்டியாச்சு, பூமயிலு பால் காசுல சேத்து வெச்சது பாதி, நான் அங்க இங்க வாங்குனது பாதி. கையில குடுத்தா, வாங்கலைன்னு சொல்லிட்டா என்ன பண்றது? உக்காந்து ரோசிச்சேன். ஆங், புடிச்சுட்டேன். இந்த ஊர்ல எந்தக் காசை எவனும் இல்லைன்னு சொல்ல முடியாது? மொய்க் காசை. தவணையை மொய்யா வெச்சுட்டா? நானூறு பேரு முன்னாடி, மைக்குல பேரு படிச்சு, கம்ப்யூட்டர் ரசீதோட. அவன் தப்பிக்க முடியுமா? காலையில போனதும் நீலமேகத்தைத் தனியாக் கூப்பிட்டு, மாப்ள, தவணைக் காசை மொய்யில எழுதிடறேன், நீ திங்கக்கெழமை கம்பெனியில கட்டிருன்னேன். அவன் ஒரு நிமிசம் என்னையே பாத்தான். பாத்துட்டு, உங்க இஷ்டம் மாமான்னான். அவன் அப்படிப் பாத்தது என் சாமர்த்தியத்தை மெச்சித்தான்னு எனக்கு நெனப்பு.

மொய்னா ஒத்த ரூபா சேக்கணும்ல, இருபத்திரண்டாயிரத்து இருநூத்தி ஒண்ணுன்னு தட்டினேன். நானே தட்டி, நானே எண்ணி, என் பேரை நானே மைக்குல படிச்சேன். பந்தலே திரும்பிப் பாத்துச்சு. ஐநூறு ஆயிரத்துக்கு மேல மொய் வெக்காத அடைக்கலமா இருபத்திரண்டாயிரம்? சொல்லக் கூடாது, ஆனா சொல்றேன். எனக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு. சரியாக் கேக்கலையோன்னு இன்னொரு தடவை படிச்சேன்.

சாப்பாட்டுப் பந்தியில உக்காந்திருந்த பூமயிலுக்கு ரசத்துல கை நின்னு போச்சாம். அவளுக்குப் பக்கத்துல அவ அண்ணன். அவர் வீட்டு விசேஷத்துக்கு நான் வெச்ச மொய் ஆயிரம். அந்த மனுசன் பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிட்டாரு. ஊர் பேரு தெரியாதவனுக்கு இருபத்திரண்டாயிரம், மச்சானுக்கு ஆயிரமா? அதுக்கப்புறம் ஒரு வாரம் வீட்டுக்கு வந்தவங்களை எண்ண முடியலை. விசேஷம் நடத்தியும் நான் திருப்பிச் செய்யாம மொய் பாக்கி வெச்சிருந்தவங்க எல்லாரும், அடைக்கலம் கையில காசு பொழங்குது போலன்னு நோட்டைத் தூக்கிட்டு வந்துட்டாங்க.

சித்திரை கடைசியில கம்பெனியில இருந்து தபால். மூணு தவணையும் பாக்கி, அபராதம் வேற, ஆடிக்குள்ள கட்டலைன்னா மெசினை எடுத்துருவோம்னு. ஆடிக்குள்ள! மெசினு இல்லாம ஆடியில நான் என்னத்தைப் பண்றது? அஞ்சு மொய் விருந்துக்கு அட்வான்சு வாங்கியிருக்கேன். அதுல ஒண்ணு தவறினாலும் அந்தப் பேராவூரணிக்காரன் உள்ள வந்துருவான், அப்புறம் ஆயுசுக்கும் எனக்கு வேலை கெடையாது.

ரசீதை எடுத்துக்கிட்டு டவுனுக்கு ஓடினேன். உங்க மேனேஜரம்மா, சின்ன வயசு, பொறுமையா வாங்கிப் படிச்சாங்க. ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க:

“சார், இது காதுகுத்து ரசீது.”

ஆமாம்மா, காதுகுத்துதான், ஆனா தவணைன்னேன். இதுல எங்க கம்பெனி பேரு எங்க இருக்குன்னாங்க. இல்லதான். கடன் நம்பர்? அதுவும் இல்ல. சரி, இந்த ஒரு ரூபா எதுக்குன்னு கேட்டாங்க. அதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இருந்துச்சு. நீலமேகம் வேலையை விட்டு நின்னு ஒரு மாசம் ஆச்சாம், பையையும் கார்டையும் இன்னும் ஒப்படைக்கலையாம். அவன்கிட்ட கையில காசு குடுத்தேன்னு ஒரு புகார் எழுதிக் குடுங்க சார், நாங்க போலீசுல சேத்துக் குடுக்குறோம், இன்னும் யாருகிட்ட எல்லாம் வாங்குறாரோ தெரியலைன்னாங்க.

நான் எழுதலை.

எப்படி சார் எழுதுறது? மொய்யா வெச்சதைப் புகாரா எழுதினா, நாளைக்கு எவன் என்னைய நம்பி நோட்டைக் குடுப்பான்? வெளிய வந்து நீலமேகத்துக்குப் போன் போட்டேன். எடுக்க மாட்டான்னு நெனச்சேன். ரெண்டாவது மணியில எடுத்தான். திட்டுறதுக்கு வாயைத் தொறந்தேன். அவன் அமைதியாச் சொன்னான்:

“மாமா, நீங்க வெச்ச மொய்யை நான் இல்லைன்னு சொல்லுவேனா? உங்க வீட்டு விசேஷத்துக்குத் தேதி சொல்லுங்க, கூடப் போட்டே செய்யிறேன்.”

விசேஷம் வைக்காம மொய்யைத் திருப்பிக் கேக்குறது இங்க மானக்கேடு. அவன் சொல்றது மொறைப்படி சரி. அவன் தப்பிக்கக் கூடாதுன்னு நான் கட்டுன கூண்டு, உள்ள பாத்தா நான் உக்காந்திருக்கேன்.

பூமயிலு ரெண்டு நாளா வீட்டு வரவு செலவைக் கூட்டிப் பாத்தா. மூணாம் நாள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வெச்சுக்கிட்டு, நம்மளால மாசம் எவ்வளவு முடியும், எந்த மாசம் முடியாது, இவ்வளவுதான் கேட்டா. ஆடி, ஆவணியில பதினோராயிரம், வேலையில்லாத மாசம் நாலாயிரம். அதை எழுதி எடுத்துக்கிட்டு கம்பெனிக்குப் போனோம். எங்களால இதுதான் முடியும், முடியாததைச் சொல்லி மறுபடியும் தவற மாட்டோம், சம்மதம்னா எழுத்துல குடுங்க, அது கைக்கு வந்தப்புறம்தான் கட்டுவோம், அதுவும் கம்பெனிக் கணக்குல நேரா, யாரு கையிலயும் இல்லைன்னுட்டா. மேனேஜரம்மா மேல கேட்டு, நாலு நாள்ல சீல் வெச்சு லெட்டர் குடுத்துட்டாங்க. அபராதத்துல பாதியக் கொறச்சாங்க. மெசினை எடுக்கலை. நான் பக்கத்துலயே உக்காந்து, எல்லாத்துக்கும் தலையை ஆட்டி, பேசி முடிச்சேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸுல அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அந்தப் புகாரை எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கலாம்லன்னு. சும்மா இருடி, உனக்கு மொய் மொறை தெரியாதுன்னேன்.

அத்தோட விட்டேனா? என் இருபத்திரண்டாயிரம் அவன்கிட்ட நிக்குதே. மொய் விருந்து ஒரு வீட்டுக்கு அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவைதான், என் மொறை வர இன்னும் மூணு வருசம் இருக்கு. வீட்டுல காது குத்தப் பிள்ளை இல்ல, கட்டிக் குடுக்கப் பொண்ணு இல்ல. விசேஷத்துக்கு எங்க போறது? அந்தா தெரியுதுல்ல, தகரக் கொட்டாய், பத்துக்குப் பன்னிரண்டு. மெசினு வெக்கிறதுக்குப் போட்டது. அதுக்குப் புதுமனை புகுவிழான்னு பத்திரிக்கை அடிச்சுட்டேன். சிரிக்காதீங்க சார். வந்த சனமெல்லாம் மனை எங்க, மனை எங்கன்னு தேடுச்சு. ஒருத்தரு தெரியாம உள்ள செருப்பை விட்டுட்டு வந்துட்டாரு. மச்சான் வந்தாரு, சுவத்துக் கடியாரம் ஒண்ணைக் குடுத்துட்டு, ஆயிரம் மொய் வெச்சாரு. சரியா ஆயிரம். அஞ்சு பைசா புது நடை கெடையாது.

ஆனா நீலமேகம் வந்தான் சார். ஆவணி இருபத்தி மூணு, பதினோரு மணி. அதே கசங்காத சட்டை, அதே பை. காசுக்கட்டை எடுத்து வெச்சான். ரப்பர் பேண்டு போடலை, ஒரு ரோஸ் கலரு துணிக் கிழிசல்ல சுத்தி முடிச்சுப் போட்டிருந்துச்சு. அவிழ்த்து மெசினுல விட்டேன். இருபத்தேழாயிரத்து இருநூறு. அப்புறம் சட்டைப் பையில தொழாவி ஒத்த ரூபாயை எடுத்து மேல வெச்சான். என்னோட இருபத்திரண்டாயிரத்து இருநூத்தி ஒண்ணு, அதுக்கு மேல அஞ்சாயிரம் புது நடை. மைக்குல படிச்சேன். பாத்தியாடி, கம்பெனிய ஏமாத்துவான், மொய்ய ஏமாத்த மாட்டான்னு பூமயிலுகிட்ட சொன்னேன். அவ அந்தத் துணியை விரல்ல சுத்திக்கிட்டே, வேலை இல்லாதவனுக்கு ஏது இம்புட்டுக் காசுன்னா. மொய்ல அதைக் கேக்குற வழக்கம் கெடையாதுன்னேன். இருபத்திரண்டு வருசத்துல ஒருத்தர்கிட்டயும் நான் கேட்டதில்ல. வந்த மொய்யெல்லாம் போட்டு, கம்பெனிக் கடனை ஒரே அடியா அடைச்சேன். முன்னாடி ஒரு கம்பெனிக்குக் கடன்பட்டிருந்தேன், இப்ப எரநூத்திப் பதினாறு பேருக்குப் பட்டிருக்கேன், அது வேற கதை.

என்ன பூமயிலு? ஆள் சரிதானாமா? சார், ஆபீசுல கேட்டுட்டா. நீங்க நீங்கதானாம். இனி சொல்லுங்க, என் கடன்தான் முடிஞ்சு போச்சே, என்ன விசயமா வந்தீங்க?

நீலமேகத்தைப் பத்தியா? அவன் இங்க வந்து மாசமாகப் போகுதே. எதுக்குத் தேடுறீங்க?

எந்த அம்மா? மேலக்கொல்லையா? செல்வநாயகி... தெரியலையே. தையக்காரம்மாவா.

அவங்களும் தவணையை நீலமேகம் கையில குடுத்தாங்களா? எவ்வளவாம்?

கொஞ்சம் இருங்க சார். எவ்வளவுன்னு சொன்னீங்க? நாலு தவணை, இருபத்தேழாயிரத்து இருநூறு. எந்தத் தேதியில? ஆவணி இருபத்தி ரெண்டு சாயங்காலம். இருபத்தி ரெண்டு. ரசீது குடுக்கலை. ரோல் தீந்து போச்சுன்னானா. ம்.

அந்தக் கண்ணுக்குட்டி கழுத்தைப் பாருங்க சார். மணி கட்டியிருக்குல்ல, ரோஸ் கலரு துணியில. அதான் அந்தக் காசுக்கட்டைச் சுத்தியிருந்த துணி. தூக்கிப் போட மனசு வராம பூமயிலு கட்டிவிட்டா. ஜாக்கெட்டுக்கு உள்துணி வெட்டுன ஓரம் அது. இருபது நாளா என் கண்ணு முன்னாடி ஆடிக்கிட்டுத் திரியுது. அவன் வெச்ச மொய்யில நீலமேகத்தோட காசுன்னு பாத்தா, அந்த ஒத்த ரூபா மட்டும்தான்.

அந்தம்மாவுக்கு எத்தனை தையல் மெசினு? ரெண்டு. எப்ப எடுக்குறீங்க? வெள்ளிக்கெழமையா.

சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா? அந்தம்மா வீட்டுல ஏதாச்சும் விசேஷம் வருதான்னு கேட்டுச் சொல்லுங்க. நான் போயி மொய்யா... சரி பூமயிலு, சரி. கத்தாத. நான் பேசலை, நீயே சொல்லு.

இல்ல, நானே சொல்றேன். இருபத்திரண்டாயிரத்து இருநூறு என் காசுதானேன்னு ஒரு நிமிசம் மனசு சொல்லத்தான் செஞ்சுச்சு, இல்லைங்கலை. என் காசு பங்குனியிலயே போச்சு சார். நானே மைக்குல படிச்சு அனுப்பி வெச்சேன். இது அந்தம்மா காசு. அன்னைக்கு மேனேஜரம்மா கேட்டாங்க, ஒரு பக்கம் எழுதிக் குடுங்கன்னு. எழுதியிருந்தா அவன் கார்டைப் புடுங்கியிருப்பாங்க. இந்தம்மா வீட்டு நாற்காலியில அவன் போயி உக்காந்திருக்க மாட்டான். ஊருக்கெல்லாம் முத்து முத்தா எழுதுறேன்னு பீத்திக்கிட்டு, எழுத வேண்டிய ஒரு பக்கத்தை எழுதாம விட்டுட்டு வந்திருக்கேன்.

பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு வா. கம்ப்யூட்டர் வேண்டாம், கையாலயே எழுதுறேன். பங்குனி ஏழுல நான் குடுத்தது, ஆவணி இருபத்தி மூணுல அவன் கொண்டு வந்தது, துணி, தொகை, ஒத்த ரூபா, எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். இதைப் பாத்துட்டு எவனாச்சும் என்னைய மொய் எழுதக் கூப்பிடலைன்னா கூப்பிடாம போகட்டும். கம்ப்யூட்டர்ல இருக்குற மொய்க் கணக்குல அந்த ஒரு வரியையும் அச்செடுத்துத் தர்றேன்.

இப்ப காசு. அந்தம்மாவோட இருபத்தேழாயிரத்து இருநூறும் மொத்தமா என்கிட்ட இல்ல சார், பொரட்டாசி நடக்குது, பாத்தீங்கல்ல, வீட்டுல உக்காந்து உங்ககிட்ட கதை சொல்லிக்கிட்டிருக்கேன். பூமயிலு சொல்றா, கையில ஏழாயிரம் இருக்கு, நாளைக்கே கம்பெனிக் கணக்குல கட்டிருவோம். மிச்சம் மாசம் பத்தாந் தேதி மூவாயிரம், தை பொறந்தா கல்யாணம் வரும், அப்ப கூடக் கட்டுவோம். அதை எங்க தரப்புல எழுதித் தர்றோம். அந்தம்மா மெசினுல கை வெக்க மாட்டோம்னு நீங்க மேனேஜரம்மாகிட்ட வாங்கி எழுத்துல குடுங்க. அந்த லெட்டரு இல்லாம ஒத்தப் பைசா நகராது. ஆமா சார், அவ அப்படித்தான். நீங்க நல்லவராத்தான் தெரியுறீங்க, நீலமேகமும் அப்படித்தான் தெரிஞ்சான்.

அந்தம்மாவோட கடன் நம்பரை மட்டும் இதுல பெருசா எழுதுங்க. ரசீது அவங்க பேருலதான் வரணும், என் பேரு எங்கயும் வர வேண்டாம். அவங்களுக்குத் தெரியவும் வேண்டாம், கம்பெனியில சரி பண்ணிட்டாங்கன்னு இருக்கட்டும்.

ஏன்னு கேக்குறீங்களா? ஒரு தடவை மைக்குல படிச்சது போதும் சார்.